சாமிக்குப் பக்கத்தில் படுத்தவர்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, உட்காரச் சொல்லிக் கட்டிலைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, அப்படியே நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மோர் கொண்டு வந்த என் மனைவி, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இவரு மோட்டாரு பாக்க வந்தவரா, கட்டிலு பாக்க வந்தவரா?”

பதில் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. “கட்டிலு நல்லா இருக்குங்க அம்மிணி. தலைமாட்டுக் கால்ல மட்டும் பூச்சி அரிச்சிருக்கு. இன்னொரு பொங்கலு தாங்கறது கஷ்டந்தான்.”

பிறகு வெளியே வந்து, தலையில் ஒட்டியிருந்த நூலாம்படையைத் தட்டிவிட்டு, அதே கட்டிலின் கால்மாட்டுப் பக்கமாக உட்கார்ந்து மோரைக் குடித்தார். அந்தக் கட்டில் என் மனைவியின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. வந்ததும் வராததுமாகச் சீதனக் கட்டிலுக்குக் குறை சொல்லிவிட்டாரே என்று அவள் அன்று முழுக்க முணுமுணுத்தாள். ஆனால் மறுநாள் பார்த்தால் தலையணை கட்டிலின் மறுபக்கத்துக்கு மாறியிருந்தது. 

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். மோட்டார் பழுது பார்க்கிறவர் என்பதால் துறையூரில் எல்லோரும் பிட்டர் என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஏதோ ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர் என்றார் ஒருவர். நாடகக் கம்பெனிக்கு மோட்டார் ஓட்டியவர் என்றார் இன்னொருவர். அவரையே கேட்டால், “எல்லாத்துலயுந்தான் இருந்தேன்” என்று முடித்துவிடுவார். எந்த ஊரிலும் ஒரு பருவத்துக்கு மேல் தங்கியவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நெஞ்சும் வயிறும் ஒரே மட்டமாகத் தட்டிப் போட்ட பலகை மாதிரி உடம்பு. அந்த உடம்பில் தனியாக எழுந்து நின்றது மூக்கு ஒன்றுதான். அந்த மூக்கைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதையும் அடியிலிருந்து பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். காப்பிக்கடையில் பெஞ்சியில் உட்காருவதற்கு முன் குனிந்து அதன் அடியைப் பார்ப்பார். தோசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். கடைக்காரருக்கு அது பெரிய அவமானமாக இருக்கும். பலாப்பழம் வாங்க வந்தவர்கள் பழத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். இவர் அதைப் புரட்டிப் போட்டு, தரையில் பட்டுக் கிடந்த பக்கத்தைத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு தடவை தேர்த் திருவிழாவுக்கு அவரோடு போயிருந்தேன். தேர் அசைந்ததும் ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இவர் குந்த வைத்து உட்கார்ந்து, தேரின் அச்சு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அதோடு தீர்ப்பு எழுதிவிட்டாள். “கும்புடத் தெரியாத மனுசன்.”

“மேல எல்லாரும் துடைச்சு வெப்பாங்க மொதலாளி. அடியில யாரு துடைக்கறா? அங்க போயிப் பாத்தாத்தான் சங்கதி தெரியும்” என்பார் அவர்.

என்னை முதலாளி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அது மரியாதையா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வண்டி. அதுவும் போக வேண்டிய இடத்துக்குப் போகாத வண்டி.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய சங்கதி இது. என்னிடம் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது, செவலையும் மயிலையும். வண்டியில் பூட்டினாலும் நன்றாகப் போகும். அந்த ஜோடியையும் மேட்டுக்காட்டையும் விற்று, பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். அதன் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பலகையில் பெட்டி அடித்திருந்தார்கள். பிக்கப் என்றார்கள். என் மனைவி அந்தச் சொல்லை வாயால் சொன்னதே இல்லை. அந்தத் தகரம் என்பாள். ஊரில் எனக்கு வேறு பெயர். மாட்டை விற்றுத் தகரம் வாங்கியவன்.

என் கணக்கு சாதாரணமானது. மலைமேல் வளப்பூர் நாட்டுக்காரர்கள் பலாவையும் மிளகையும் வாழைத்தாரையும் தலையில் சுமந்து இறங்கி, புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ச் சந்தைக்கு நடப்பார்கள். காட்டுக் கூப்பில் வெட்டிய மரத்தை இறக்குவதற்காகப் போட்ட வண்டிப்பாதை ஒன்று அடிவாரத்திலிருந்து முதல் மேடு வரைக்கும் ஏறிப் போகும். அந்த மேட்டுக்கு என் வண்டி போய்விட்டால் அவர்கள் அங்கேயே சுமையை இறக்கிவிடலாம். சமதளத்து ரோட்டில் ஓட்ட என் வண்டி தேவையில்லை. அங்கே பஸ் இருந்தது, மாட்டுவண்டிகள் இருந்தன. எனக்குப் பிழைப்பு அந்தக் காட்டுப்பாதையில்தான். அங்கே போகவில்லை என்றால் செவலையும் மயிலையும் போனது போனதுதான்.

பாதையில் ஓரிடத்தில் வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஓடைச் சரிவு. நட்ட நடுவில் வழிச்சாமி. கோயில் கிடையாது, கூரை கிடையாது, ஒரு கல் மட்டும். மலைக்காரர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் முன்னால் ஒரு கொத்துப் பச்சிலையை வைத்துவிட்டு ஒதுங்கி நடப்பார்கள். யாரும் தொட மாட்டார்கள், தாண்ட மாட்டார்கள். கல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. மாட்டுவண்டிக்குத் தொந்தரவே இல்லை. மாடு இரண்டும் கல்லுக்கு இருபுறமும் நடந்துவிடும், உயரமான சக்கரத்தில் அச்சும் கல்லுக்கு மேலே போய்விடும். என் வண்டியின் பின் அச்சோ தாழ்ந்தது. அதன் நடுவில் பல்சக்கரம் இருக்கும் இரும்புப் பெட்டி, குடம் மாதிரி இன்னும் கீழே தொங்கும்.

முதல் தடவை அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தியபோது, வளப்பூர் ஊர்க்கவுண்டர் தலைச்சுமைக்காரர்களோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். கல்லையும் பார்த்தார்.

“தொடாம போறதுன்னா போங்க, நாங்க வேண்டாங்கல. ஒரு உரசலு பட்டாலும் அதோட சரிங்க. எங்க சும எங்க தலையிலயே வரட்டும்.”

அதற்குப் பிறகுதான் நான் பிட்டரைத் தேடிப் போனேன். அவர் வந்தார், கட்டிலைப் பார்த்தார், மோர் குடித்தார். கடைசியாக வண்டிக்கு அடியிலும் போனார்.

“கல்லு எவ்வளவு ஒசரம்?”

“ஒரு சாண் இருக்கும்.”

“யாரு சாணு?”

அவர் நேரே பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். அங்கே போனால் கவுண்டர் இருந்தார். சாமிக்கு மேலே கோலோ கயிறோ பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிட்டர் துண்டை விரித்தார், கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். என்னைக் குந்த வைத்து உட்காரச் சொல்லி, கல்லின் தலையும் தம் மூக்கு நுனியும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அளந்து வைத்தது மாதிரி இருந்தது.

“அப்பச் சரி. எம் மூக்குத் தப்பிச்சா சாமிக்கு ஒண்ணும் ஆவாது” என்றார்.

கவுண்டர் என் காதருகே வந்தார். “ஏனுங்க, இந்த ஆளு நல்லாத்தான இருக்காரு?”

வீட்டுக்குத் திரும்பியதும் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இரும்புப் பெட்டிக்கு நேராக மூக்கைக் கொண்டுபோனார். இடித்தது. மூக்கு நுனியில் கறுப்பு எண்ணெயோடு, பொட்டு வைத்துக்கொண்டவர் போல வெளியே வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். அச்சை உயர்த்த ஒரே வழி டயரைப் பெரிதாக்குவதுதான், வேறு எதைத் தூக்கினாலும் அச்சு இருந்த இடத்தில்தான் இருக்கும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. எங்கேயோ ஏலத்தில் விட்ட லாரியின் டயர்களைச் சக்கரத்தோடு கொண்டு வந்து, துளையைச் சரி பண்ணி மாட்டினார். வண்டி நிமிர்ந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திருப்பினேன்.

திருப்பினதும் டயர் மட்கார்டில் போய் உரசியது. கிரீச்சென்று சத்தம். புகை. தெரு முழுக்க ரப்பர் கருகும் நாற்றம். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளியை அவர் யோசிக்கவே இல்லை. ஊர் சிரித்தது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“செவல ஒரு நாளும் இப்புடி நாறுனதில்லீங்க.”

பிட்டர் வண்டிக்கு அடியில் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். “தப்பு என்னுதுதான்” என்றார். அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கமே இல்லை. யாரோ மூன்றாம் மனிதர் செய்த தப்பைப் பற்றிப் பேசுவது மாதிரி சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டை விற்றவன் நானல்லவா?

பிறகு வேங்கை மரத்தில் கட்டை அறுத்து இழைத்தார். வண்டியின் உடம்பைத் தாங்கும் வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் அந்தக் கட்டைகளைக் கொடுத்து, கொல்லரிடம் நீளமாக அடித்து வாங்கிய போல்ட்டுகளால் இறுக்கினார். மூன்று விரல் உயரத்துக்கு உடம்பு மேலே போய், டயருக்கு மேல் இடம் கிடைத்தது. அதோடு முடிந்ததா என்றால், இல்லை. உடம்பு உயர்ந்ததில் பிரேக் கம்பி தானே இழுத்துக்கொண்டு, மிதிக்காமலே பிரேக் பிடித்தது. அந்தக் கம்பிகளை நீட்டினார். ஸ்டியரிங் கனத்தது. வண்டி இழுக்க யோசித்தது. ஆனாலும் எல்லாம் முடிந்தபோது, ஓடை கடப்பதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்ட ஆள் மாதிரி வண்டி நின்றது. வாசலில் அவர் படுத்துக்கொள்ள, நான் வண்டியை மெல்ல அவர்மேல் உருட்டினேன். என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர் எழுந்து தம் மூக்கைக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

காட்டுப்பாதைக்குப் போன அன்று காலை மலைக்காரர்கள் சுமையோடு வரிசையாக நின்றார்கள். பலா வாசனை பாதை முழுக்க இருந்தது. பிட்டர் கல்லுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேராகக் கொண்டுவந்து, முன் சக்கரங்கள் கல்லுக்கு இருபக்கமும் வரும்படி நிறுத்தினேன். கவுண்டர் கையைத் தூக்கினார்.

“இருங்க. நீங்க எங்க குந்தியிருக்கீங்க?”

“ஓட்ட வேண்டாமா?” என்றேன்.

“சாமி தலைக்கு மேல குந்திக்கிட்டா போவீங்க? வண்டிக்காரன் எறங்கித்தானுங்களே நடப்பான்?”

 செவலையையும் மயிலையையும் ஓட்டிக்கொண்டு எத்தனையோ தடவை அதே இடத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவன் நான். அங்கே வந்தால் கால் தானாகவே இறங்கும். டயரை மாற்றினோம், கட்டை கொடுத்தோம், மூக்கை வைத்து அளந்தோம். மேலே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவே இல்லை. அவர் எத்தனையோ முறை வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். அப்போதெல்லாம் கீழே இருந்தவரின் கவனம் தம் மூக்கின் மேல்தான் இருந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. “மொதலாளி, கவுண்டரு சொல்றது நெசந்தான். இங்கிருந்து பாத்தா பலகை இடுக்குல உங்க செருப்புத் தெரியுது.”

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன். மாடாக இருந்தால் முன்னால் நடந்து இழுத்துப் போகலாம், இதை என்ன செய்வது? மலைக்காரர்கள் சிலர் சுமையை மறுபடி தலைக்கு ஏற்றத் தொடங்கினார்கள். விற்ற மாடுகள் என் கண்முன் வந்து நின்றன. அப்போது மறுபடி அவர் குரல்.

“ஸ்டியரிங்குக்குக் கீழ கை ஆக்சிலேட்டர் இருக்குதுல்ல? வண்டியப் பின்னால எடுங்க. மொத கியரப் போட்டு, கை ஆக்சிலேட்டரக் கொஞ்சமா வெச்சு உட்டுட்டு எறங்கிருங்க. பாறைப் பக்கமா நடந்துக்கிட்டே கைய உள்ள உட்டுப் புடிங்க. மாடு புடிக்கற மாதிரிதான்.”

“நீங்க எந்திரிச்சு வந்திருங்க” என்றேன்.

“நான் எந்திரிச்சா, பெட்டி நடுவுல வருதான்னு சாமியா சொல்லும்? அடியில இருக்கறவந்தான் சொல்லோணும்.”

எனக்குப் பயமாக இருந்தது.  டயர் ஒரு கல்லில் ஏறி வழுக்கினால் போதும், சாமியும் போகும், அவரும் போவார். வண்டியைப் பின்னால் எடுத்து, முதல் கியரில் விட்டு இறங்கி, வெறுங்காலோடு, பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த ஒருவர் நடக்கும் இடத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வண்டி தானாக ஊர்ந்தது. அவர் குரல் மட்டும் கேட்டது. “பாறப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும். ஓடைப் பக்கம் ஒரு விரலு... நேரே... நேரே...” பிறகு குரல் நின்றுவிட்டது. வண்டி கல்லைக் கடந்ததும் தாவி ஏறி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

என் உயிர் போய் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் கண்ணைத் திறந்துகொண்டு பக்கவாட்டில் திரும்பி, கல்லுக்கு நேருக்கு நேராகப் படுத்திருந்தார். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் போல இருந்தது அந்தப் பார்வை. நான் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைக் காட்டினார். கறுப்பு இல்லை.

கவுண்டர் குனிந்து வண்டியின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உரசல் ஏதாவது பட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு கல்லுக்கு முன்னால் ஒரு கொத்து இலையை வைத்தார்.

“போகட்டுங்க. இப்புடியே போகட்டும்.”

அந்த ‘இப்புடியே’ என்ற சொல்லின் பொருள் அடுத்த சந்தைக்குத்தான் எனக்கு விளங்கியது. இனி என்ன, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று தனியாக வண்டியைக் கொண்டுபோனேன். கவுண்டர் மறித்துவிட்டார். “படுக்கறவரு எங்கீங்க?” அவர் வரவில்லை, நான் மட்டுமே கடந்துவிடுவேன் என்றேன். தலையை ஆட்டினார். முதல் தடவை எப்படி நடந்ததோ அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டுமாம். சாமி அதைத்தான் ஒப்புக்கொண்டதாம். திரும்பிப் போய்ப் பிட்டரைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எந்த ஊரிலும் ஒரு பருவத்துக்கு மேல் தங்காதவர் அந்தக் கல்லுக்காக எங்கள் பக்கத்தில் வருஷக்கணக்காகத் தங்கிவிட்டார். சந்தை நாளில் அவர் படுப்பார், நான் நடப்பேன், வண்டி கடக்கும். ஊரில் என் பழைய பெயர் மெல்ல மெல்ல மறைந்தது. என் மனைவி மட்டும் அந்தத் தகரம் என்பதை விடவில்லை.

சந்தைக்குக் கிளம்பும் விடியலில் அவர் எனக்கு முன்னாலேயே வந்து வண்டிக்கு அடியில் கிடப்பார். பாதங்கள் மட்டும் தெரியும். பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கும், ஒரு சிரட்டை இருக்கும். அடிப்பக்கச் சேற்றைக் கழுவி, நட்டு முறுக்கி, சிரட்டையில் இருக்கும் கிரீஸைத் தடவுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வேலை தெரிந்தவரிடம் போய் என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்பார்கள்?

“அத்தன தடவ சாமி பக்கத்துல படுத்து எந்திரிச்சும், ஒரு தடவ கையெடுத்துக் கும்புடல பாருங்க” என்பாள் என் மனைவி. அது உண்மைதான், நானே கவனித்திருக்கிறேன். நெற்றியில் திருநீறு கூடக் கிடையாது. ஒரு நாள் திரும்பும் வழியில் கேட்டே விட்டேன்.

“அங்க படுத்துக்கிட்டு அப்படி என்னதான் பாக்கறீங்க?”

“சாமிக்கு என்ன தெரியுதோ அதத்தான் மொதலாளி.”

வழக்கமான குறும்பு என்று விட்டுவிட்டேன்.

யுத்தம் வந்தது. பட்டாளத்து லாரிகளுக்கு வேலை தெரிந்த ஆட்களை எடுக்கிறார்கள் என்று துறையூரில் பேச்சு. ஒரு நாள் தகரப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி, போக வேண்டாம் என்று சொல்லச் சொல்லி எனக்குக் கண்ணால் காட்டினாள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பட்டாளத்து லாரிக்கு அடியெல்லாம் எப்புடி இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வாரேன்” என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு முறை வண்டிக்கு அடியில் போய் வந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை.

இரண்டு சந்தை போகாமல் கழிந்தது. வெயிலில் பலா பழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பழம் யாருக்காகவும் காத்திருக்காது. கவுண்டர் ஆள் அனுப்பினார், “படுக்க ஆளு கெடச்சா வாங்க, இல்லீன்னா எங்க சனம் நடந்துக்கும்.” யாரைக் கேட்டாலும் சிரித்தார்கள். ஓடும் வண்டிக்கு அடியில் படுக்க யார் வருவார்கள்? நானே படுத்துவிடுகிறேன், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து நடக்க ஆள் வேண்டுமே என்று வீட்டில் புலம்பினேன். என் மனைவி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“படுக்க உங்களுக்குத் தைரியம் இருந்தா, புடிக்க எனக்கு இருக்குதுங்க.”

“உனக்கு என்ன தெரியும்?”

“மாடு புடிக்கற மாதிரிதான்னு அவரு சொன்னாருல்ல? செவலயப் புடிச்சவதான நானு.”

அப்படித்தான் அவள் அந்த வண்டியை முதன்முதலாகத் தொட்டாள். நான் முதல் கியரில் விட்டுவிட்டு இறங்கி ஓடி, கல்லுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, கையை உள்ளே விட்டு, “ஓ... ஓ...” என்று மாட்டை அதட்டுவது போல அதட்டிக்கொண்டே நடந்தாள். என்ஜின் சத்தம் என் தலைக்கு மேலே வந்தது. சூடு முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது, ஆனால் மூடினால் வழி சொல்ல முடியாது. விழித்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

வண்டியின் வயிறு முழுவதும் தேய்த்துக் கழுவியிருந்தது. முன் அச்சின் வேங்கைக் கட்டைகள் இரண்டிலும், தரையைப் பார்த்த பக்கத்தில், சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. என் செருப்புத் தெரிந்த பலகை இடுக்கில் அடிப்பக்கமாக ஒரு தகரத் துண்டை வைத்து ஆணி அடித்து அடைத்து, அதிலும் ஒரு பொட்டு. காய்ந்து வெடித்து உதிர்ந்திருந்தாலும், தடிப்பாக இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நாள் பூசினால்தான் அவ்வளவு தடிப்பு வரும். நின்று பார்த்தால் தெரியாது, குந்தி உட்கார்ந்தாலும் அரைகுறையாகத்தான் தெரியும். அந்தக் கல்லுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் படுத்தவனுக்குத் தெரியும். சிரட்டையில் இருந்தது கிரீஸ் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.  என்னை முதலாளி என்று கூப்பிட்ட அந்த மனிதரை நான் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை என்று துக்கமாக இருந்தது.

“ஏனுங்க! எந்தப் பக்கமுங்க? வாயத் தொறந்து சொல்லுங்க!”

என் மனைவியின் கத்தலில் நினைவு வந்தது. “நேரே... நேரே வா!” என்றேன். பல்சக்கரப் பெட்டி என் மூக்குக்கு மேலே, தன் பொட்டோடு, ஒரு விரல் இடைவெளியில் கடந்து போனது.

நான் எழுந்து வருவதற்குள் ஒரு மலைக்காரர் தாவி, முன்பே சொல்லி வைத்தபடி சக்கரத்துக்குக் கல் கொடுத்து வண்டியை நிறுத்தியிருந்தார். கவுண்டர் என் முகத்தையே பார்த்தார்.

“சந்தனம் காஞ்சு போச்சுங்களா?” என்று கேட்டார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாளே குனிஞ்சு பாத்தனுங்க. அதப் பாத்துத்தான் உட்டது.” சுமையைத் தூக்கிவிடப் போய்விட்டார்.

வீடு வந்து சேர்ந்தோம். சாப்பிடும்போது என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கும்பிடத் தெரியாத மனிதர் என்று அவள் சொன்னதை நான் நினைவுபடுத்தவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சந்தைக்குக் கிளம்பும் விடியலில், வண்டியை எடுக்க வாசலுக்கு வந்தேன். பக்கத்தில் தண்ணீர் வாளி இருந்தது, சிரட்டை இருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே தெரிந்தன. விரல்களில் மெட்டி இருந்தது.